பூத சதுக்கமும் பாவை மன்றமும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை பூம்புகாரின் ஐவகை மன்றங்களை எடுத்துரைக்கிறது. அவற்றை நகரின் வியப்புகளாகப் பாராட்டிவிட்டுக் கடந்துபோவது நம் மேடைகளின் வழக்கம். ஆனால் அவற்றுள் மூன்று, காவலையும் நீதியையும் பற்றிய ஆழ்ந்த சிந்தனையாகவே அமைந்துள்ளன.

வெள்ளிடை மன்றத்தில் பெயர் பொறித்த பொதிகள் கதவும் தாழும் காவலரும் இன்றிக் கிடக்கும். திருடுபவன் பொதியைத் தலையில் சுமந்து சுழல்வான். பூத சதுக்கத்தில், பொய்த்தவத்தோர் முதல் புறங்கூறுவோர் ஈறாக அறுவகையினரைப் பூதம் பாசத்தால் பிணித்து உண்ணும். பாவை மன்றத்திலோ, அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், பாவை வாய் திறவாமல் கண்ணீர் உகுக்கும்.

இணையத்தின் கோப்புப் பகிர்வு இன்றைய வெள்ளிடை மன்றம் எனலாம். பிறர் படைப்பைக் கவர்வது தவறு என்பதில் கருத்து வேறுபாடில்லை. கவர்ந்தவரை எவ்வாறு அறிவது என்பதே வினா. டொரண்ட் முறையில் ஒருவரது ஐ.பி. எண் அக்கோப்பைப் பகிரும் பிறர்க்கெல்லாம் புலப்படும், காவல்துறையும் காணலாம். எனினும் அவ்வெண் இணைப்பைச் சுட்டுமேயன்றி ஆளைச் சுட்டாது. ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்க்கு வழங்கும் நிறுவனங்களும் உண்டு. மதுரையில் நேர்ந்த பிழை இதுவே: சிலம்பு சிலம்பை ஒத்திருந்தது, உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்ப்பதற்குள் கோவலன் வெட்டுண்டான். 1982ஆம் ஆண்டின் தமிழகக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. விசாரணையின்றி ஓராண்டு வரை சிறைவைக்க இடமளிக்கும் அச்சட்டத்தின்முன் இந்த ஐயம் சிறியதன்று.

அடைக்கலக் காதை இன்னொன்றையும் சொல்கிறது. பத்தினி ஒருத்திமீது பொய்க்கரி புகன்றவனைப் பூதம் பிடித்தபோது, அவனுக்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வந்தான் கோவலன். நல்லுயிரைக் கொள்ளப் பூதம் மறுத்தது. புகாரின் பூதம் பிழையாது. அது தண்டிப்போர் யாவர் என்பதையும் நான்கு காதம் கேட்க முழங்கியது. இன்றைய கண்காணிப்புக்கு அந்தப் பிழையாமையும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. கண்காணிக்கப்படுபவர் பெரும்பாலும் அதனை அறிவதே இல்லை. மறைவானவற்றை முற்றும் அறிபவன் இறைவன் ஒருவனே. திருக்குர்ஆன் (49:12) ஆதாரமற்ற சந்தேகத்தையும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும், புறம்பேசுவதையும் ஒரே வசனத்தில் விலக்குவது ஈண்டு நோக்கத்தக்கது. புறங்கூறுவோரைத் தண்டிக்கும் பூதம் காப்பியத்தில் உண்டு. துருவி ஆராய்வோரைத் தண்டிக்கும் பூதம் இல்லை.

ஆயினும் பாவை உண்டு. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு 1996இல் உச்சநீதிமன்றம் வரம்பு விதித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தனர். 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை நீக்கியது. எனினும் இத்தகைய ஆணைகளைப் பிறப்பிப்பவர் உள்துறைச் செயலர். மறுஆய்வு செய்பவர்களும் செயலர்களே. அக்குழுவில் நீதிபதி இல்லை. கோலைப் பிடித்தவரே பாவையாகவும் நின்றால் கண்ணீர் எங்கிருந்து வரும்?

இன்றைய பூம்புகார்க் கடற்கரையில் பாவை மன்றம் நினைவுச்சின்னமாக எழுப்பப்பட்டுள்ளது. காப்பியப் பாவைக்கு அழ மட்டுமே தெரிந்தது. நமக்குத் தேவை, ஆணைக்கு முன்பே வினவும் நாவுடைய பாவை.