நடக்காத திருமணத்துக்குச் சாட்சி

திருமணம் நடந்தது என்பதை நிரூபிக்க ஆயிரம் வழி உண்டு. பத்திரிகை இருக்கும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள், பதிவுச் சான்று இருக்கும். நடக்கவே இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? வெளிநாட்டில் மணம் முடிக்கப்போகும் தமிழரிடம் அந்நாட்டு அலுவலகங்கள் பல கேட்பது இதைத்தான். இதற்குத் தமிழ்நாட்டில் பலரும் நாடுவது வருவாய்த் துறையின் திருமணமாகாதவர் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், வட்டாட்சியர் ஒப்புதல் தருவார். அதன்பின் மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். இத்தனை பேரில் விண்ணப்பதாரருக்கு மணமாகிவிட்டதா என்று நேரில் விசாரிக்க வாய்ப்புள்ளவர் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்தான். அப்போஸ்டில் முத்திரைகூட, கீழே இருக்கும் கையெழுத்து அசல் என்பதற்குத்தான் உறுதி. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. தனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்லும் சான்றிதழ் இது என்பதே என் வாதம்.

இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் மனைவியை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இன்னொருத்தியை மணப்பவன் இரு பெண்களின் வாழ்க்கையைக் கெடுக்கிறான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு இதற்கு ஏழாண்டு வரையும், முதல் திருமணத்தை மறைத்திருந்தால் பத்தாண்டு வரையும் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் தண்டனை வருவது கெடுதல் நடந்து முடிந்த பிறகு. மணமேடைக்கு முன்பே ஒருமுறை விசாரித்துவிடுவது நல்ல ஏற்பாடு. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் வாழும் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தை ஊருக்குத் தெரியாமல் மறைப்பது எளிதல்ல. அத்தகைய ஊரில் கிராம நிர்வாக அலுவலர் நாலு பேரிடம் கேட்டு எழுதும் வரிக்கு மதிப்பு உண்டு, செலவும் குறைவு.

அந்த மதிப்பு ஊரின் நினைவாற்றலை நம்பி நிற்கிறது. நெய்வேலியில் அந்த நினைவாற்றலை எங்கே தேடுவது? 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, சுரங்கத்துக்காகக் கிராமங்கள் எடுக்கப்பட்டன. எங்கெங்கோ இருந்து வந்தவர்களுக்காக வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தன. குவார்ட்டர்ஸ் வேலையோடு வருவது. பணி ஓய்வு பெற்றால் காலி செய்துவிட்டு ஒருவர் வடலூரிலும் இன்னொருவர் புதுச்சேரியிலும் மற்றொருவர் சொந்த மாவட்டத்திலும் குடியேறுகிறார்கள். அவர்களுடைய பிள்ளை இங்கே பிறந்து, இங்கே பள்ளி முடித்து, சென்னையில் பொறியியல் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, பிறகு வெளிநாடு போயிருக்கும். அப்பாவின் பூர்வீக ஊர் அலுவலர் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. நெய்வேலியிலோ அதே வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். பெங்களூரிலும் டல்லஸிலும் கழிந்த ஆண்டுகளைப் பற்றி யாரால் சாட்சி சொல்ல முடியும்? பெற்றோரைக் கேட்பதோடும் விண்ணப்பதாரரின் உறுதிமொழியை வாங்குவதோடும் விசாரணை முடிந்துவிடுகிறது. அவர் சொன்னதே அரசு முத்திரையோடு அவருக்குத் திரும்பி வருகிறது.

நம் திருமண முறையும் இந்தப் பலவீனத்தைக் கூட்டுகிறது. கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பதுண்டு. 1967இல் வந்த சட்டத் திருத்தம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தையும் செல்லும் என்றது. சாதியையும் சடங்கையும் தாண்டிய பெரிய விடுதலை அது. அதைக் குறைசொல்ல மாட்டேன். 2006இல் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொன்னது. தமிழ்நாடு 2009இல் கட்டாயப் பதிவுச் சட்டம் இயற்றி 90 நாள் கெடு வைத்தது. ஆனாலும் பதியாத திருமணம் அந்தக் காரணத்தால் செல்லாததாகிவிடுவதில்லை. ஜெர்மனி போன்ற நாடுகளின் அவநம்பிக்கையை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம். இந்தியாவுக்கு அப்போஸ்டில் உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது; அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. தூதரகம் வழியாக ஆள் வைத்து ஊரில் விசாரித்த பிறகே ஆவணத்தை ஏற்பது அவர்கள் வழக்கம். அதற்கான செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் மணமக்கள் தலையில்தான்.

மாற்று நம் பதிவுத் துறையிலேயே இருக்கிறது. நிலம் வாங்குபவர் சார்பதிவாளரிடம் வில்லங்கச் சான்று கேட்கிறார். இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இந்த அலுவலகப் பதிவேடுகளில் தேடியதில் பதிவு எதுவும் இல்லை என்று அது சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லாது. பதியாத அடமானம் இருக்கலாம் என்பது வாங்குபவருக்கும் தெரியும். தன் எல்லையைத் தானே எழுதிக் காட்டுவதால்தான் அந்தத் தாளுக்கு நம்பகத்தன்மை. திருமணங்களைப் பதிவதும் அதே சார்பதிவாளர்தான். மாநிலம் முழுவதும் திருமணப் பதிவேடுகளில் தேடி, பதிவு இல்லை என்று கால வரம்போடு ஒரு சான்று தரலாம். அதோடு விண்ணப்பதாரரின் பிரமாண வாக்குமூலமும் தனித்தாளாக இணையட்டும். சிங்கப்பூரின் திருமணப் பதிவகம் மணமக்களிடம் சட்டபூர்வ உறுதிமொழி வாங்குகிறது. பொய் சொன்னால் குற்றம் என்பதே அதன் பலம். எது அரசின் தேடல், எது தனிமனிதரின் வாக்கு என்று பிரித்துக் காட்டினால் வாசிக்கும் அதிகாரி தானே எடைபோட்டுக்கொள்வார். பதியாத திருமணம் இதில் தப்பிவிடுமே என்றால், ஆமாம், தப்பும். ஆனால் வேறு மாவட்டத்துக் கோயிலில் நடந்த திருமணம் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்தும் இன்று தப்பத்தான் செய்கிறது. பதிவுத் துறையின் சான்றோ தன் அந்த எல்லையை மறைக்காது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. திருமணப் பதிவேட்டைத் தேடத் திறந்துவிட்டால் காதல் மணம் செய்தவர்களைக் குடும்பத்தார் வேட்டையாட அது கருவியாகிவிடாதா? கடலூர் மாவட்டத்தில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. சாதி கடந்து ரகசியமாகத் திருமணத்தைப் பதிவு செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் 2003இல் விருத்தாசலம் அருகே கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆனது. ஆகவே தேடல் விண்ணப்பதாரரின் சொந்தப் பதிவைப் பற்றியதாக மட்டும், அவரே அடையாளம் காட்டிக் கேட்டால் மட்டும் நடக்க வேண்டும். மூன்றாம் நபருக்கு வழி இருக்கவே கூடாது. இந்த அபாயத்தை இன்றைய முறை எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வயதுவந்த ஒரு பெண் வீட்டின் விருப்பத்துக்கு மாறாக வெளிநாட்டில் ஒருவரை மணக்க நினைத்து விண்ணப்பித்தால், விசாரணை முதலில் போய் நிற்பது அவள் பெற்றோரின் வாசலில். சட்டம் அவளிடம் கேட்காத பெற்றோர் சம்மதத்தை அந்த விசாரணை பின்வாசல் வழியாகக் கேட்டுவிடுகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் உறுத்துவது இதுதான்.

கணவரை இழந்தவர்களும் மணவிலக்கு பெற்றவர்களும் இன்றைய திருமணமாகாதவர் சான்றிதழுக்குள் வருவதே இல்லை. அயல்நாட்டு அலுவலகம் கேட்பது, இன்று மணம் செய்யத் தடை உண்டா என்று. நம் தாள் சொல்வது, இதுவரை மணமே ஆகவில்லை என்று. மறுமணம் செய்யப்போகும் பெண் கணவரின் இறப்புச் சான்றையோ நீதிமன்றத் தீர்ப்பையோ தனியே திரட்ட வேண்டும். முதல் திருமணம் பதியப்படாதிருந்தால், அது முடிந்துவிட்டது என்று காட்டுவதற்காக முதலில் அது நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பதிவுத் துறை தரும் தேடல் சான்றில் முந்தைய திருமணத்தின் பதிவு எண்ணும், அது முடிவுக்கு வந்ததைக் காட்டும் தீர்ப்பு எண் அல்லது இறப்புப் பதிவு எண்ணும் ஒரே தாளில் இடம்பெறலாம். முதல் திருமணம் பதியாதவர்களுக்கு, இறப்புச் சான்றையோ தீர்ப்பையோ வைத்தே அந்த வரியை நிரப்ப விதி வேண்டும். படிவம் வகுக்கும்போது அவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.