சொல்லே செயலாதல்

சொல், பொருளை உணர்த்துவதோடு அமையாது, சிலவிடத்துச் செயலாகவே நிகழும். ‘இன்ன பெயர் இட்டேன்’ எனத் தக்கார் தக்கவிடத்துக் கூறின், அக்கூற்றே பெயரிடுதலாம். இதனை ஆங்கில அறிஞர் ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகளில் விளக்கினார். அவை 1962-இல் நூலாயின.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் மிக்குள்ள நடுகற்கள் இதற்குச் சான்றாவன. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலை கூறும். கல்லைத் தேர்தலும் நீர்ப்படுத்தலும் நடுதலும் கைவினை. பெயரும் பீடும் பொறித்து ஊரார் வாழ்த்தவே கல் வீரனாகின்றது.

இனி, யூடித் பட்லர் என்பார் 1990-இல், பாலடையாளம் முன்னரே உள்ளதோர் இயல்பன்று, மீண்டும் மீண்டும் நிகழும் செயல்களால் ஆவதே என்றார். இதனைக் கொண்டு, எல்லா அடையாளமும் வெறுஞ்சொல்லே என்பாரும் உளர். அது பொருந்தாது. வீழ்ந்த வீரன் இன்றேல், வணங்கும் ஊர் இன்றேல், வாழ்த்து வறிதாம். தக்க சூழல் இல்வழிச் சொற்செயல் வழுவும் என ஆஸ்டினும் உடன்பட்டார்.

அற்றேல் அடையாளம் மாறா இயல்போ எனின், அன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தம். நிறஞ் சார்ந்த படிகம் நிறங்கொள்ளும். அதனாற் படிகம் இல்லையாகாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஓசூரில், வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் ஒன்றும் தொழிற்சாலையில் ஒன்றும் பேசுவான் ஒருவனே. மொழி நோக்கி அவனை ‘அயலான்’ என்பார் சொல் அவனைப் புறத்தே நிறுத்தும், புண்ணுஞ் செய்யும். ஆயினும் அவன் அவ்வூரிற் பிறந்து உழைக்கும் உண்மையை மாற்றாது. ஆதலின், சொல் செயலாதலை அறிந்தார்க்குச் சொல்லுமுன் ஆராய்தல் கடனாம் என்க.