தவம் ஒருவருக்கு, பங்கு ஒருவருக்கு: பாலகுமாரனின் பெண்கள்

பாலகுமாரனைப் பெண்ணியம் பேசும் நாம் இரண்டு வழிகளில் கடந்துவிடுகிறோம். வெகுஜன எழுத்து என்று சொல்லிப் படிக்காமலே ஒதுக்குவது ஒரு வழி. அவருடைய சொந்த வாழ்க்கையை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது இன்னொன்று. இரு மனைவியரோடு வாழ்ந்ததை அவரே வெளிப்படையாக எழுதியவர். அதில் நாம் துப்பறிந்து சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு முக்கியம் அவருடைய புனைவு. 1946-இல் பிறந்து 2018-இல் மறைந்த அவர் 150 நாவல்களுக்கு மேல் எழுதினார். அவற்றைத் தேடித்தேடிப் படித்த பெண்களின் ஊரிலிருந்துதான் நான் வருகிறேன்.

சோமனூரில் கரண்ட் போனால் தறி நிற்கும். தறி நின்றால்தான் பெண்களின் கைக்குப் புத்தகம் வரும். வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த தொடர்கதைகள், ஓரம் மடிந்த மாத நாவல்கள். "நம்ம மனசுல கெடக்கறது இந்த மனுசனுக்கு எப்படித் தெரிஞ்சுது கண்ணு?" என்று என் பெரியம்மா கேட்பார். இதை அறியாமை என்று தள்ள மாட்டேன். கணவனிடம் தோன்றும் சலிப்பு, உடம்பின் அலுப்பு, ஒரு சொல் கேட்டு நாள் முழுக்க வேகும் மனசு ஆகியவற்றை ஒரு பொருட்டாக எடுத்துப் பக்கம் பக்கமாக எழுதிய ஆண்கள் அன்று எத்தனை பேர்? அவர் வாசகியோடு நேராகப் பேசினார். அந்தக் கவனிப்புக்கு ஏங்கியவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கவனித்ததை வைத்து அவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு வழக்கு. திருவண்ணாமலை யோகி ராம்சுரத்குமாரின் சீடரான பிறகு அவர் எழுத்தில் குருவும் தியானமும் பெருகின. ஆனால் அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. பெண்ணின் கோபத்தை முழுசாகச் சொல்ல விடுவார். பிறகு அதைக் கரைத்துவிடுவார். ஆண் பக்குவப்படும் பாதையில் அவன் செய்த தவறு ஒரு படி. அதே பாதையில் அவள் கேட்ட கேள்வி அகங்காரம். புரிந்துகொள்கிறவள் உயர்ந்தவள் ஆகிறாள், அம்பாள் ஆகிறாள். புரிந்துகொள்ள மறுப்பவளுக்குக் கதையில் நல்ல நாற்காலி கிடையாது.

இதற்கு மாறாக 'தாயுமானவன்' நாவலைக் காட்டுவார்கள். வேலை போன கணவன் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறான், மனைவி சம்பாதிக்கிறாள். 1980-களின் தமிழ்க் குடும்பத்துக்கு இது துணிச்சலான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பைப் பாருங்கள். திருச்சி மலைக்கோட்டை ஈசனின் பெயர் அது. சோறு வடித்து, பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட ஆணுக்குக் கடவுளின் பெயர் கிடைத்துவிட்டது. அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவளுக்கும், செய்துவிட்டு ஆபீசுக்கும் போனவளுக்கும் எந்தக் கோயிலிலிருந்து பெயர் எடுப்பது? ஆண் தொட்டதும் வீட்டு வேலை தவமாகிறது. பெண் செய்யும்போது அது வெறும் வேலையாகக்கூட எண்ணப்படுவதில்லை.

இந்தக் கணக்கு பெரிய அளவில் நடப்பது 'உடையார்' என்ற ஆறு பாக நாவலில். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய கதையை உழைத்தவர்களின் பக்கமிருந்தும் யோசித்த நாவல் என்பதால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. நாயகி பஞ்சவன்மாதேவி, ஆடல் மரபில் வந்து ராஜராஜனின் மனைவியானவள், அறிவாளி. பழையாறைப் பகுதியில் அவளுக்கு ராஜேந்திரன் காலத்தில் எழுந்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் இருக்கிறது. தனக்குக் குழந்தை பிறந்தால் ராஜேந்திரனுக்குப் போட்டி வரும் என்று மருந்து குடித்துத் தன்னை மலடாக்கிக்கொண்டாள் என்றொரு கதை அவளைப் பற்றி இன்று வரலாறு போலவே பரவியிருக்கிறது. அதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. ஒரு அரசிக்குக் கோயில் எடுத்தார்கள் என்றால் அவள் கருப்பையைக் கொடுத்துத்தான் அதைப் பெற்றிருக்க வேண்டும் என்று நம் மனசு எவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்கிறது!

கல்வெட்டு சொல்வது வேறு. சுமார் 1014-இல் ராஜராஜன் பெரிய கோயிலில் பொறித்த சாசனம் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. எந்தத் தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் விவரம் உண்டு. தலைவீட்டுக்காரி திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஒருத்திக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். அவள் இறந்தாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவில் தகுதியுள்ளவருக்குப் போக வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அரசன் ஆணையில் ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். சம்மதமா என்று கேட்டதாகக் கல்லில் இல்லை. ஆனாலும் அங்கே அவள் செய்தது வேலை. அதற்கு அளவும் நெல்லும் உண்டு. நாவலுக்குள் வரும்போது பங்கு மங்கி, பக்தியும் காதலும் முன்னே வந்து நிற்கின்றன. அரசனுக்கு உருகும் ஒருத்தியை ஆறு பாகங்களுக்கு நினைவில் வைக்கிறோம். சேரமங்கையின் 100 கலம் யாருக்கும் கதையாகத் தோன்றவில்லை.

இதைச் சோமனூரில் இருந்து படிக்கும்போது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. எங்கள் ஊரில் கூலி என்பது அன்றாடப் பேச்சு. 2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு ஒப்புக்கொள்ளப்பட்டு, அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை நிறுத்தினார்கள். தெருவில் எல்லோருக்கும் அந்தச் சதவீதம் மனப்பாடம். ஆனால் பத்துத் தறியைக் குடும்பமாக ஓட்டும் வீட்டில் தார் சுற்றுகிற, அறுந்த இழையை முடிகிற, இடையில் போய் உலை வைத்துவிட்டு வருகிற மனைவிக்குத் தனிக் கூலி கிடையாது. "எங்க வீட்டுக்காரிக்கு வேலைங்கறது சாமி கும்புடற மாதிரிங்க" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் பாலகுமாரனைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி படித்திருந்தார். நெற்றியில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கொரு தட்டுக்காசாவது போடச் சொல்லுங்க" என்றார்.