சிவப்பு அரிவாள் மூக்கன்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்னும் நகர்ப்பகுதியின் வடக்கு ஓரத்தில் டே ப்ரேரி ஆறு ஓடுகிறது. விசிட்டேசன் தீவுப் பூங்காவில், பழைய ஆலையின் இடிபாடுகளைத் தாண்டிப் போனால், தண்ணீர் மெலிந்த இடத்தில் நாரை ஒன்று நிற்கும். மகளின் ஆங்கிலப் பாடத்தில் வந்த ஒரு சிறுகதையை அங்கே உட்கார்ந்துதான் வாசித்தேன். ஜேம்ஸ் ஹர்ஸ்ட் 1960இல் எழுதிய ‘தி ஸ்கார்லெட் ஐபிஸ்’. ஐபிஸுக்குத் தமிழில் அரிவாள் மூக்கன் என்று பெயர். வேடந்தாங்கலுக்கு அதிகம் வருவது வெள்ளை. கதையில் வருவது சிவப்பு.

பிழைக்காது என்று ஏறக்குறைய எல்லோரும் கைவிட்ட குழந்தை டூடில். பிறந்ததுமே அவனுக்குச் சவப்பெட்டியும் செய்தாயிற்று. அவன் பின்பக்கமாகவே ஊர்வதால் அண்ணன் வைத்த பெயர் அது; நம் வீட்டுத் திண்ணையோர மணலில் குழி பறிக்கும் குழியானையின் அமெரிக்கப் பெயரைச் சுருக்கியது. நடக்க முடியாத தம்பி இருப்பது அண்ணனுக்கு வெட்கம். ஆகவே நடக்கப் பழக்குகிறான். ஆறாவது பிறந்தநாளில் டூடில் நடந்து காட்ட, வீடே கொண்டாடுகிறது. அண்ணன் மட்டும் அழுகிறான். தம்பிக்காகச் செய்யவில்லை, என் செருக்குக்காகச் செய்தேன் என்று அவனுக்குத் தெரியும். செருக்கு இங்கே நல்லதையே செய்கிறது. கதையின் நுட்பம் அதில்தான். கெடுதல் செய்யும் கர்வத்தை எவரும் எழுதிவிடலாம்.

செருக்கைப் பற்றி அண்ணனே ஓரிடத்தில் வாய்விட்டு விளக்கம் சொல்லிவிடுகிறான். அந்த வரி இல்லாமலே கதை நின்றிருக்கும். உள்ளுறையைப் பழக்கிவைத்த அகப்பாடல் மரபில் வந்த நமக்குப் பறவை ஒன்றே போதுமே! வெப்ப நாட்டிலிருந்து புயல் அடித்துக்கொண்டு வந்த பறவை, தனக்கு ஆகாத ஊரில், ‘இரத்த மரம்’ என்று அவர்கள் அழைக்கும் மரத்தில் அமர்ந்து, களைத்து விழுந்து சாகிறது. டூடில் தனியாகக் குழி தோண்டிப் பாடியபடி அதைப் புதைக்கிறான். மண்வெட்டிப் பிடியோ அவனைப்போல் இரு மடங்கு நீளம். வீட்டார் சன்னமாகச் சிரிக்கிறார்கள், அவனுக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு.

நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் வேறு. சிறுவயதில் ஒருநாள் அண்ணன் அவனைப் பரணுக்குத் தூக்கிப்போய், அந்தச் சவப்பெட்டியைத் தொடாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறான். தொட்டதும் பயத்தில் விறைத்துப்போன தம்பியைத் தோளில் போட்டு இறக்குகிறான். வெயிலுக்கு வந்த பிறகும் டூடில் அவனை விடவில்லை. விட்டுப் போகாதே என்று அழுகிறான். சில ஆண்டுகள் கழித்து, பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறது. ஓடவும் நீந்தவும் அண்ணன் பழக்கியும் டூடில் அதற்குள் தேறவில்லை. மழையும் இடியுமாக வந்த ஒரு மாலையில், ஆத்திரத்தோடு முன்னே ஓடும் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் அதே சொற்கள் மறுபடி கேட்கின்றன. முதல் முறை அவன் தோளில் இருந்தவை. இம்முறை அவன் இன்னும் வேகமாக ஓடுகிறான்.

பிறகு நின்று, திரும்பிப் போய்த் தேடுகிறான். செடியடியில் டூடில் குந்தியிருக்கிறான். வாயிலிருந்து வழிந்த இரத்தம் கழுத்தையும் சட்டையையும் சிவப்பாக்கியிருக்கிறது. அந்தக் கழுத்து இத்தனை மெலிந்து நீண்டது என்று அண்ணன் அன்றுதான் பார்க்கிறான்.