சித்தியும் அக்காளும்

காளையார்கோவில் வட்டாரத்தில் ‘மிஷன்’ என்றதும் நினைவுக்கு வரும் ஊர் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் எனப்பட்ட ஜான் டி பிரிட்டோ அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுக்காரி. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். கதையில் அவளுக்கு வில்லி வேடம்தான். மற்ற மனைவிகள் எங்கே போனார்கள், கஞ்சிக்கு என்ன செய்தார்கள் என்ற பேச்சே கிடையாது. மீட்பைப் பற்றிய எந்தக் கதையிலும் ஓரத்தில் நிற்கும் பெண்ணைத் தேடும் பழக்கம் எனக்கு இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். அதே பழக்கத்தோடு ஏமி கார்மைக்கேலை வாசிக்கலாம்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஊழியம் செய்யக் கிளம்பும் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் ஏமி. 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தார். ஜப்பானில் சிறிது காலம் இருந்துவிட்டு 1895-இல் இந்தியா வந்தார். 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. பத்து நாள் விடுப்பில் வந்து விடுதிச் சுவருக்கு வண்ணம் அடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகும் இன்றைய பயணக் குழுக்கள் அவரைத் தங்கள் முன்னோடி என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஐம்பத்தைந்து ஆண்டு இந்தியாவிலேயே இருந்தவரின் உழைப்பை நான் சிறுமைப்படுத்தப் போவதில்லை. அவருடைய எழுத்தைப் பற்றித்தான் என் கேள்விகள்.

1901-இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். ஏமியின் புத்தகங்களில் அவள் ‘முத்துக்கண்’. அதற்கு முன்பே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். துரத்தி வந்தவர்களிடம் தாயே அவளைத் திருப்பிக் கொடுத்தாள், தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு வைத்தார்கள் என்று எழுதுகிறார் ஏமி. படிக்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் அந்தத் தாய் வரும் இடத்தை இன்னொரு முறை படியுங்கள். குழந்தையின் பிடியை விடுவித்துக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. அவளுக்குக் கடன் இருந்ததா, நேர்ந்துவிட்டது யார், அவளை யார் மிரட்டினார்கள்? தாய் எவ்வளவு இருண்டு தெரிகிறாளோ அவ்வளவு வெளிச்சம் வந்து சேரும் அம்மாவின் மேல் விழுகிறது. டோனாவூரில் ஏமியின் பெயரே ‘அம்மா’.

1909-இல் வந்த ‘லோட்டஸ் பட்ஸ்’ (தாமரை மொட்டுகள்) ஐம்பது ஒளிப்படங்களோடு அச்சானது. எல்லாம் குழந்தைகள்; கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டு, சிணுங்கிக்கொண்டு. கடல் கடந்த வாசகர் ஒரு முகத்தைத் தேர்ந்து அதற்காக ஜெபிக்கலாம், காசு அனுப்பலாம். அந்தக் குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அன்று இல்லைதான். இன்றோ சட்டமே இருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் ஒரு தீர்மானத்தில், சுற்றுலாவோடு சேர்ந்த அநாதை விடுதித் தன்னார்வப் பணியால் வரும் தீங்குகளைத் தடுக்க நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பயணக் குழுவின் கைப்பேசிக்கு இதெல்லாம் எட்டியதாகத் தெரியவில்லை.

டோனாவூரில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதன் உறவுமுறைதான். அங்கே பணி செய்த வெள்ளைக்காரப் பெண்கள் ‘சித்தி’கள். இந்தியப் பெண்கள் ‘அக்காள்’கள். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் நம் வீடுகளில் சித்தி ஒரு தலைமுறை மேலே, அக்காள் நம்மோடு ஒரே தலைமுறை. நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இருபத்தைந்து வயதுக்காரி சித்தி. பிள்ளைகளுக்கு மலம் அலம்பிக் கை காய்த்துப்போன நாற்பது வயதுக்காரி அக்காள். நிறத்தால் வந்த ஏற்றத்தாழ்வு தமிழ்க் குடும்பத்தின் வேடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அது அதிகாரம் என்று தோன்றாமலிருக்க இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

ஏமியின் முதல் துணையான பொன்னம்மாள் இளம் வயதில் கணவனை இழந்தவர். நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊர் ஊராக நடந்த பெண்கள் குழுவில் ஒருவர். கைக்குழந்தைகளுக்கு டோனாவூரில் மருத்துவ வசதி இல்லாததால், லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் குழந்தைக் காப்பகம் அமைந்தது. அதை நடத்தியவர் பொன்னம்மாள். பிறந்து சில நாளே ஆன, தாய்ப்பால் இல்லாத குழந்தைகளை அந்தக் காலத்தில் பிழைக்க வைப்பது இரவு பகலில்லாத வேலை. 1915-இல் புற்றுநோயில் இறந்தார். ஏமி அவரைப் பற்றி 1918-இல் தனிப் புத்தகமே எழுதினார். அந்த நேர்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நாம் பொன்னம்மாளை அறிவது ஏமியின் ஆங்கிலத்தில்தான்.

அதே கொடுமையை எதிர்த்து இன்னொரு வழியும் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். தானே அந்த வாழ்க்கைக்குள் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். 1947-இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிந்தது. முத்துலட்சுமியிடமும் ஒழுக்கம் பற்றிய மேட்டிமைப் பேச்சு உண்டு, அதைத் தனியாக விமர்சிக்க வேண்டும். ஆனால் இந்த வழியில் வளர்ந்த பெண்கள் பேசினார்கள், வாதாடினார்கள். ஏமியின் பக்கங்களிலோ அவர்கள் மீட்கப்படும் வயதைத் தாண்டுவது அரிது.

இது வெள்ளைக்காரரின் நோய் மட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது. கொடுக்கும் இடத்தில் நம்மவர்களும் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள்.

தாயை இருட்டடிக்கும் கதைக்கு நமக்கு மிக அருகிலும் உதாரணம் உண்டு. சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் என்று சொல்லி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் 89 பேரைத் திருச்சியில் ஒரு கிறிஸ்தவ விடுதி வளர்த்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பெற்றோரைக் கண்டறிய டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவானது. உன் தாய் உன்னைக் கொல்ல இருந்தாள் என்ற ஒற்றை வாக்கியத்தோடு ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வருவதை யோசித்துப் பாருங்கள். வரதட்சணையும், நிலமில்லாமையும், மூன்றாவது பெண்ணுக்கு மாமியார் வீட்டில் கிடைக்கும் ஏச்சும் அந்த வாக்கியத்தில் இல்லை. கொடையாளிக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

பயணம் போய் வந்தவர்களின் சாட்சிகளை வாசிக்கும் மாணவிகள் ஒன்றைக் கவனிக்கலாம். வந்த இரண்டாம் நாளே குழந்தைகள் மடியில் ஏறிக்கொண்டன என்று அவற்றில் பூரிப்போடு எழுதியிருக்கும். முன்பின் தெரியாதவர் மடியில் உடனே ஏறும் குழந்தை, பிரிவுக்குப் பழகிப்போன குழந்தையாகவும் இருக்கலாம் என்பார்கள் விடுதிகளில் வேலை செய்தவர்கள். குழு கிளம்பிய இரவு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஆயா. பொன்னம்மாளுக்காவது ஒரு புத்தகம் வந்தது. இந்தச் சாட்சிகளில் ஆயாவுக்குப் பெயர்கூட இல்லை.