நடப்பவருக்கு மதிப்பு பூஜ்யம்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் பக்கத்தில், மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு காலை நேரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரகடம் பக்கம் போகும் ஷிப்டுக்காரர்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள், கூடையோடு வரும் பூக்காரம்மா, நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய ரிட்டயர்டு ஆசாமிகள் என்று எல்லோரையும் கோடு போட்டு எண்ணினேன். பக்கம் நிறைந்தது. வீட்டுக்கு வந்து, ரயில்வே ஒரு கேட்டை எப்படி மதிப்பிடுகிறது என்று தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, நான் எண்ணிய அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

அந்தக் கணக்கின் பெயர் டி.வி.யூ. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கினால் வருவது. நாளைக்கு 100 ரயில், 1,000 வண்டி என்றால் ஒரு லட்சம். இந்த எண் ஒரு லட்சத்தைத் தொட்டால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து மேம்பாலம் கட்டத் தகுதி வந்துவிடும். காருக்கு ஒரு புள்ளி. மாட்டு வண்டிக்கும் ஒரு புள்ளி. ஆட்டோவுக்கு அரை. காலால் நடந்து போகிறவருக்கு எதுவுமில்லை. மாட்டு வண்டி ஏறக்குறைய காணாமலே போய்விட்ட ஊரில் அதற்கு இன்னும் ஒரு புள்ளி இருக்கிறது என்பதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை யோசித்தவர்கள் எதை மனதில் வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. அவர்கள் பார்த்தது கேட்டில் நிற்கும் வண்டியை. கேட்டுக்குக் கீழே குனிந்து நுழைகிறவர் அவர்கள் கண்ணில் படவில்லை.

விளைவு என்ன? மேம்பாலம் வருகிறது. வந்ததும் கேட்டை நிரந்தரமாக மூடுகிறார்கள், அதுதான் விதி. காருக்கு நல்லது, லாரிக்கு நல்லது. நடப்பவருக்கு மட்டும் நேற்று வரை சட்டப்படி இருந்த ஒரு வழி இன்று அடைபட்டுப் போகிறது. அவர் பழைய இடத்திலேயே தண்டவாளத்தைத் தாண்டுவார். அன்றிலிருந்து அவர் ரயில்வே சட்டம் 1989-இன் 147ஆம் பிரிவின்படி அத்துமீறியவர். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்துபோனாலும் ரயில் விபத்துக் கணக்கில் வரமாட்டார். அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-இல் தந்த அறிக்கையில், இப்படித் தண்டவாளத்தைக் கடந்து சாகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் என்று எழுதி, இதைப் படுகொலை என்றே சொன்னது. அரசு அறிக்கையில் அந்தச் சொல் எப்படித் தப்பித்து வந்ததோ தெரியவில்லை.

கேட்டே பாதுகாப்பானது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் 170ஆம் எண் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. அதன் பிறகு, கேட்டைச் சிக்னலோடு பிணைப்பதற்கான வரம்பை டி.வி.யூ. 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கவனியுங்கள், வரம்பை மாற்றினார்களே தவிர சூத்திரத்தை மாற்றவில்லை. பூஜ்யத்தை எந்த வரம்போடு ஒப்பிட்டாலும் பூஜ்யம்தானே?

"அதான் நடைமேம்பாலம் கட்டுறாங்களே" என்பீர்கள். அந்தக் காலையில் பூக்காரம்மாவிடம் இதையே கேட்டேன். "ஏறி எறங்க முட்டி எங்க கண்ணு இருக்கு?" என்றார். சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மின்சாரக் கம்பிக்கு மேலே போக வேண்டுமென்பதால் பாலத்தின் நடைதளம் ஆறே முக்கால் மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து சென்டிமீட்டர் படி என்றால் 45 படி. ஏற 45, இறங்க 45. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போட்டால், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 81 மீட்டர். கீழே நேராக நடந்தால் மொத்தமே பதினாறு மீட்டர். இந்த இரண்டில் எதை ஒரு மனிதர் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நானே அன்று திரும்பும்போது கீழேதான் கடந்தேன். இதை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பதினாறு மீட்டரில்தான் விஷயம் இருக்கிறது. தாம்பரம்–செங்கல்பட்டு இடையே இப்போது மூன்று பாதைகள். வயதானவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 16 நொடி. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் எக்ஸ்பிரஸ் அந்த 16 நொடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது காலை எடுத்து வைக்கும்போது அரை கிலோமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவோ நிற்கும் கூட்ஸ் வண்டியோ மறைத்தால் கதை முடிந்தது. இன்னொன்று, பெரிய பொருள் எதிரே வரும்போது உண்மையைவிட மெதுவாக வருவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றும். ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985-இல் ரயில்வே கடவைகளை வைத்தே இந்தக் கருத்தை முன்வைத்தார். "இன்னும் டைம் இருக்கு" என்று மனசு சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

மும்பை வடாலாவில் 2010 வாக்கில் ஃபைனல் மைல் என்ற நிறுவனம் இதை வைத்து ஒரு வேலை செய்தது. தண்டவாளக் கட்டைகளில் சிலவற்றுக்கு மஞ்சள் பெயின்ட். ரயில் வரும்போது அந்த மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து வேகத்தை உணரலாம். ஒரு நீண்ட ஊதலுக்குப் பதில் இரண்டு சின்ன ஊதல். ரயிலில் அடிபடப் போகிறவனின் முகத்தைப் பெரிய படமாக வைத்தார்கள். பெயின்ட் டப்பா செலவில் செய்த இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இதைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இது கடப்பதற்கு வழியே இல்லாத இடத்தில் சாவைக் கொஞ்சம் குறைக்கும் உத்தி. வழி தருவதற்கு மாற்று ஆகாது. ஊதல் எல்லோருக்கும் கேட்காது என்பதும் உண்டு. 2023 அக்டோபரில் ஊரப்பாக்கம் அருகே தண்டவாளத்தில் மின்சார ரயில் மோதி இறந்த மூன்று சிறுவர்களில் காது கேளாதவர்களும் இருந்தார்கள்.

தரைமட்டத்திலேயே நடப்பவருக்கென்று ஒழுங்காகக் கடவை அமைத்த நாடுகள் உண்டு. கம்பி வேலியை இசட் வடிவத்தில் வளைத்து வைப்பார்கள். நேராக ஓடிக் கடக்க முடியாது. ஒரு முறை வலப்பக்கமும் ஒரு முறை இடப்பக்கமும் திரும்பியே ஆக வேண்டும், திரும்பும்போது ரயில் வரும் திசை கண்ணில் படும். நம் ஊரில் இரட்டைப் பாதையில் ரயில் இடப்பக்கம் ஓடுவதால், அருகிலுள்ள பாதையில் வண்டி நம் வலப்பக்கத்திலிருந்து வரும். ஆக, முதலில் வலம் திருப்ப வேண்டும். மூன்றாவது பாதை வந்த இடத்தில் இந்தச் சூத்திரம் உடைகிறது. அதில் எந்தத் திசையிலும் வண்டி வரலாம்.

அதைவிட ஆபத்து இரண்டாவது ரயில். இங்கிலாந்தின் எல்சன்ஹாம் நிலையத்தில் 2005 டிசம்பரில் 13, 14 வயதுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு ரயில் போனதும் நடைபாதைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, மணியும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. போன ரயிலுக்கான மணி என்று நினைத்தார்கள் போல. எதிர்த்திசை ரயில் அடித்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. அந்த ஆபத்தை முன்கூட்டியே சுட்டிய உள் ஆவணம் பல ஆண்டு கழித்து வெளிவந்து, 2012-இல் நெட்வொர்க் ரயிலுக்குப் பத்து லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. எல்லா எச்சரிக்கையும் வேலை செய்தும் பிள்ளைகள் செத்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டுக் கையைக் கழுவும் நம் பழக்கத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

என்னைக் கேட்டால், மூன்று பாதை உள்ள இடத்தில் தரைமட்டக் கடவை வேண்டாம், படிக்கட்டுப் பாலமும் போதாது. கீழே போகும் பாதைதான் சரி, ஆழமும் குறைவு. ஆனால் இது ஏரி மாவட்டம். தாழ்வாக ஒரு குழி தோண்டிச் சுரங்கப்பாதை என்று பெயர் வைத்தால் ஐப்பசியில் அது குளமாகும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் முழங்கால் தண்ணீரிலும் இருட்டிலும் இறங்க மாட்டார்கள். கரை உயரமாக ஓடும் இடம் பார்த்து, தரை மட்டத்திலேயே, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும்படி அகலமாகத் திறக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி என்று சுமார் 60 கிலோமீட்டர் புதிய பாதை பல ஆண்டுகளாகத் தாளில் இருக்கிறது. அது வரும் நிலமெல்லாம் ஏரிகளும் வரத்துக்கால்வாய்களும். ஏரிக்கரைகளில் இப்போது நடைபாதை போடுவது வழக்கமாகிவிட்டது, செங்கல்பட்டு கொளவாய் ஏரியைச் சீரமைத்தபோதும் போட்டார்கள். அந்த ஏரியை ஒட்டியேதான் ரயிலும் ஓடுகிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி திறந்தார்கள். அவ்வளவு பேரும் மாலையில் எங்கே காலாற நடப்பார்கள் என்று யாராவது வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்களா? புதிய பாதையில் தண்டவாளத்தைக் கரைமேல் ஏற்றி, வாய்க்கால் போகும் ஒவ்வொரு பாலத்திலும் ஓரமாக இன்னும் மூன்று மீட்டர் அகலம் கேட்டால் போதும். வாய்க்காலும் போகும், அதை ஒட்டி ஆளும் போவார். தண்டவாளம் போட்ட பிறகு கேட்டால், அதற்கு டி.வி.யூ. எவ்வளவு என்று கேட்பார்கள்.

அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். ஓரிடத்தில் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் 'கூடை' என்று எழுதியிருக்கிறேன்.