எம்.இ. ப்ராஜெக்ட் அறிக்கைகள் எங்கே போகின்றன?

தமிழ்நாட்டில் ஒருவர் பொறியியலில் பிஎச்டி முடித்தால், அவருடைய ஆய்வேட்டை இளையரசனேந்தலில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே படித்துவிடலாம். ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதே துறையில், அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொருவர் எம்.இ. முடித்தால், அவர் எழுதிய அறிக்கை பெரும்பாலும் வெளியே வராது. கெட்டி அட்டை பைண்டிங், தங்க எழுத்தில் பெயர், அப்புறம் துறை அலமாரி. அவ்வளவுதான். முதுநிலைப் பொறியியல் படிப்பைப் பற்றி ஆளுக்கொரு குறை சொல்வார்கள். எனக்கு இதுதான் முதல் குறை.

முதலில் படிப்பின் சட்டதிட்டத்தைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைய கேட் மதிப்பெண் வேண்டும், இல்லையென்றால் மாநில நுழைவுத் தேர்வு. 2022 வரை அது டான்செட். 2023-லிருந்து எம்.இ., எம்.டெக். போன்றவற்றுக்கு சீட்டா-பி.ஜி. என்று தனித் தேர்வு. கேட் தகுதியோடு முழுநேரம் படிப்பவருக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. படிப்பு நான்கு செமஸ்டர். 2021 ஒழுங்குமுறைப்படி மூன்றாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட் முதல் பகுதிக்கு 6 கிரெடிட், நான்காம் செமஸ்டரில் இரண்டாம் பகுதிக்கு 12 கிரெடிட். மொத்தப் படிப்பில் ஏறக்குறைய கால்வாசி இந்த ப்ராஜெக்ட்தான். நடுவில் ரிவ்யூக்கள், கடைசியில் வெளித்தேர்வாளர் முன்னால் வைவா.

கவனித்தீர்களா? நுழைவில் எண்ணுகிறார்கள், வருகையை எண்ணுகிறார்கள், கிரெடிட்டை எண்ணுகிறார்கள். ஆனால் கால்வாசிப் படிப்பாக இருக்கிற அந்த வேலை, வைவா முடிந்த மறுநாள் என்ன ஆகிறது என்று கேட்க ஆளில்லை.

சட்டத்தில் இடமே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018-ல் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. எம்.ஃபில்., பிஎச்டி ஆய்வேடுகளின் மென்பிரதியை, பட்டம் கொடுத்த ஒரு மாதத்துக்குள் ஷோத்கங்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. எம்.இ., எம்.டெக். பெயர் அங்கே வரவில்லை. பிறகு 2022 ஒழுங்குமுறையில் எம்.ஃபில். படிப்பையே யுஜிசி நிறுத்திவிட்டது. ஆக முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு படியும் போயாச்சு. அதே 2018 ஒழுங்குமுறை, ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் ஆய்வேடுகளுக்கு ஒரு களஞ்சியம் வைக்கணும் என்றும் சொல்கிறது. அதை முதுநிலை அறிக்கை வரைக்கும் நீட்டிப் படித்துச் செயல்படுத்திய கல்லூரிகள் நம் பக்கம் அபூர்வம்.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். எங்க பக்கத்து மண்ணை வைத்தே சொல்கிறேன்.

இளையரசனேந்தல், குருவிகுளம், கோவில்பட்டி வட்டாரம் கரிசல் காடு. மழை பெய்தால் மண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கு நல்லது, வீட்டுக்கு ஆகாது. இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். வானம் தோண்டும்போதே கரிசலை எடுத்துவிட்டு சரள் மண் நிரப்பச் சொல்லும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு சரள் என்பதெல்லாம் அவரவர் கைக்கணக்கு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே, அடியில் குமிழ் போல அகன்ற பைல் அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது. சாதாரண வீடு கட்டுபவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இங்கேதான் எம்.இ. மாணவர் வருகிறார். கரிசலில் சுண்ணாம்பு கலந்து பார்ப்பது, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து பார்ப்பது எல்லாம் சிவில் முதுநிலை மாணவர்கள் காலங்காலமாக எடுத்துவரும் ப்ராஜெக்ட் தலைப்புகள். 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சாம்பலுக்கும் பஞ்சமில்லை. சோதனையும் கஷ்டமில்லை. உதாரணத்துக்கு, மண் எவ்வளவு உப்பும் என்று அறிய ஐ.எஸ். 2720 தரநிலையின் 40-ஆம் பகுதியில் ஒரு எளிய முறை இருக்கிறது. சலித்த உலர்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாயில் போட்டு, ஒன்றில் வாலைவடி நீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. குறைந்தது 24 மணி நேரம் விட்டு இரண்டின் கன அளவையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சோதனை எளிதாக இருப்பதே இங்கே பெரிய வாய்ப்பு. ஒரு மாணவர் ஒரு கிராமத்து மண்ணை எடுத்து, எந்த இடம், எத்தனை அடி ஆழம், எத்தனை சதவீதம் உப்பியது, எத்தனை சதவீதம் சுண்ணாம்பில் அடங்கியது என்று எழுதி வைத்தால் அது ஒரு புள்ளி. இருபது வருஷத்தில் இப்படி இருநூறு புள்ளி சேர்ந்தால் அது கரிசல் காட்டின் வரைபடம். உள்ளூர் பொறியாளர், ஏன், கொத்தனாரே அதைப் பார்த்து வானத்தின் ஆழத்தை முடிவு பண்ணலாம். வேலையை மாணவர்கள் செய்யத்தான் செய்கிறார்கள். சேர்த்து வைக்கத்தான் ஆளில்லை. முந்தைய வருஷம் பக்கத்துக் கல்லூரியில் என்ன செய்தார்கள் என்றே தெரியாமல், ஒவ்வொரு பேட்ச்சும் முதல் குழாயிலிருந்து ஆரம்பிக்கிறது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது. பயிர் வைக்கிறவனுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல நூறு வருஷத்துக்கு மேலான அனுபவம் அங்கே இருக்கு. வீடு கட்டுகிறவனுக்கு அப்படி ஒரு சேமிப்பு இல்லை.

ஏன் இப்படி ஆனது? எம்.இ. பட்டம் எதற்குப் பயன்பட்டது என்பதில் பதில் இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2010 ஒழுங்குமுறைப்படி, பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யோடு எம்.இ.யும் கட்டாயம், இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் பட்டம் ஒரு ஓட்டுநர் உரிமம் மாதிரி ஆகிவிட்டது. உரிமத்தைக் காட்டினால் போதும், எப்படி ஓட்டினாய் என்று கேட்பதில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல் ஞாபகம் இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று காட்டப்பட்டிருந்தது. காகிதத்தை மட்டும் எண்ணும் அமைப்பில், காகிதம்தான் பெருகும்.

வேறு மாதிரியும் செய்யலாம். ரூர்கேலா என்.ஐ.டி. பல வருஷமாக பி.டெக்., எம்.டெக். ஆய்வேடுகளைக்கூட இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. உப்பும் மண்ணில் சாம்பல் கலந்து பார்த்த எம்.டெக். ஆய்வேடுகளும் அங்கே கிடைக்கும். நம் கரிசலுக்கு விடை தேடுபவர் ஒடிசாவின் ஆய்வேட்டைப் படிக்கலாம், திருநெல்வேலி சுற்றுவட்டாரத்தில் எழுதியதைப் படிக்க முடியாது! முதுநிலை ஆய்வேடுதானே என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒன்று: ரிலே சுவிட்சுகளை பூலியன் இயற்கணிதத்தால் விவரிக்கலாம் என்று க்ளாட் ஷானன் 1937-ல் எம்.ஐ.டி.யில் எழுதியது முதுநிலை ஆய்வேட்டில்தான். அப்போது அவருக்கு வயது 21. இன்றைய டிஜிட்டல் சுற்றுகளின் அடிப்படை அது. எம்.ஐ.டி.யின் களஞ்சியத்தில் இன்றைக்கும் படிக்கலாம்.

மறுப்புகள் வரும். திறந்து வைத்தால் காப்பி அடிப்பார்கள் என்பது முதலாவது. காப்பி நடப்பதே இருட்டில்தான். பழைய அறிக்கைகள் தேடலில் வந்தால்தானே ஒப்பீட்டு மென்பொருளும் பிடிக்கும்? காப்புரிமை போய்விடும் என்பது இரண்டாவது. அப்படிப்பட்ட சில அறிக்கைகளை மட்டும் ஓரிரு வருஷம் மூடி வைத்தால் ஆச்சு. தரம் குறைவாக இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்பது மூன்றாவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தெரியட்டுமே. நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் மாணவர் மட்டுமல்ல, கையெழுத்துப் போடும் வழிகாட்டியும் ஒருமுறை நன்றாகப் படிப்பார்.

இதுக்குப் புதுச் சட்டம், பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. அறிக்கையின் பி.டி.எஃப். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏறினால்தான் வைவா மதிப்பெண் பதிவாகும் என்று ஒழுங்குமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். களச் சோதனை என்றால் மாதிரி எடுத்த இடமும் மூல எண்களும் ஒரு எக்செல் கோப்பாக இணைக்கப்பட வேண்டும் என்று இன்னொரு வரி. அடுத்த ஒழுங்குமுறை எழுதும்போது கிரெடிட் கணக்கை எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள். கூடவே இந்த இரண்டு வரியையும் எழுதிவிடலாம்.